அடுப்பைப் பற்றவைத்தவள்

நரேலா, தில்லி
7 செப்டம்பர் 2025

அன்புள்ள ஹெலனுக்கு,

கோமளா எழுதுவது. நானும் அவரும் பிள்ளைகளும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். மூன்று வருஷமாக எருசலேமில் அந்தப் பெரியவருக்கு மருந்து கொடுக்கிறாய். வீட்டில் ஸ்மார்ட்போன் கூடாது என்ற சட்டத்தை மட்டும் உன்னால் அசைக்க முடியவில்லை. உன்னால் நான், லோதி ரோடு பள்ளியில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகிய கையெழுத்தை நாற்பத்திரண்டு வயதில் தூசி தட்டுகிறேன். ஊர் திரும்பும் ஒரு பயணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாங்கள் இருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்தபின் நரேலாவில் வீடு கிடைத்திருக்கிறது. பஹார்கஞ்சுக்கு வேலைக்குப் போக இரண்டு பஸ் மாறி, இரண்டு மணி நேரம். ஆனாலும் நீ சொல்லி வாங்கித்தந்த வேலையை விடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் சமைக்கும் வீட்டில் ரபி யோனா இருக்கிறார் அல்லவா, உங்கள் சபைக்கு பாஸ்டர் மாதிரி இங்கே வரும் யூதப் பயணிகளுக்கு அவர். அவர் மனைவி ஹன்னாதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். நறுக்குவது, கழுவுவது, கிண்டுவது, உப்புப் பார்ப்பது எல்லாம் நான். நெருப்பு மட்டும் அவள் கை. எட்டு வயதில் ஸ்டவ் பற்றவைத்தவள் நான், தீப்பெட்டியைத் தொடாமல் நிற்கிறேன்!

போன மாதம் பக்கத்துச் சந்தில் ரபி மொர்தெகாய் என்று ஒருவர் வந்து பயணிகள் தொழவும் சாப்பிடவும் இன்னொரு வீடு திறந்திருக்கிறார். ஹன்னா பற்றவைத்தால் மட்டும் போதாது, சட்டியை அடுப்பில் ஏற்றுவதும் யூதக் கையாக இருக்கவேண்டும், அதனால் யோனா வீட்டில் சாப்பிடாதீர்கள் என்று பயணிப் பிள்ளைகளிடம் சொல்கிறார். பிள்ளைகள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். தொழுகை நடக்கப் பத்து ஆண்கள் வேண்டுமாம். நேற்று யோனா வீட்டில் ஏழு பேர், அங்கே ஐந்து பேர். இரண்டு இடத்திலும் தொழுகை இல்லை.

என் வீட்டுக்காரர் ஐயப்பனிடம் சொன்னேன். "அடடே, நம்ம கேம்ப் கோயில் கமிட்டி மாதிரியே இருக்காங்களே" என்று சிரிக்கிறார்.

யார் சொல்வது சரி? நெருப்பில் அப்படி என்ன இருக்கிறது? உன் பெரியவரும் ரபிதானே, அவரிடம் கேட்டு எழுது. எனக்கு மண்டை குடைகிறது.

உன்
கோமு


எருசலேம்
28 செப்டம்பர் 2025

என் பிரிய கோமுவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். உன் கடிதத்தை அந்தப் பையன் கசக்காமல் கொண்டுவந்து கொடுத்தான்.

பெரியவரிடம் கேட்டேன். எண்பத்தெட்டு வயது, கண் சரியாகத் தெரியாது, ஆனால் கேள்வி என்றால் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேரும் சரி என்கிறார்! யோனாவின் முன்னோர் போலந்துப் பக்கம், அவர்களுக்கு நெருப்பு மூட்டினால் போதும். மொர்தெகாயின் முன்னோர் மொராக்கோ, அவர்களுக்குச் சட்டியையும் ஏற்றவேண்டும். நானூறு ஐந்நூறு வருஷமாக இப்படித்தானாம்.

ஏன் இந்தக் கண்டிப்பு என்றும் கேட்டேன். பிறர் சமைத்ததைச் சாப்பிட்டுப் பழகினால் உறவாகி, பிறகு சம்பந்தமும் ஆகிவிடும் என்று அந்தக் காலத்தில் பயந்தார்களாம். உன் சூப்பைக் குடித்துவிட்டு எவனாவது உன்னைப் பெண் கேட்டு வந்தால் ஐயப்பன் என்ன செய்வார் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் விஷயம் சிரிப்பில்லை கோமு. தில்லிக்கு யார் தலைமை என்று தீர்த்துவைக்கச் சொல்லி இரண்டு ரபிகளும் இவருக்கு எழுதியிருக்கிறார்கள். இரு தரப்புக்கும் இவர் பேச்சு செல்லும். இவருடைய மருமகன்தான் கடிதங்களைப் படித்துக் காட்டுகிறார். பண்டிகைகள் முடிந்ததும் தீர்ப்பாம். யோனா வீட்டுச் சமையலில் ஒரு குறையும் இல்லை என்றால் அந்த வீடு நிற்கும். நீ ஜாக்கிரதையாக இரு.

அன்பு முத்தங்களுடன்
ஹெலன்


நரேலா
19 அக்டோபர் 2025

அன்புள்ள ஹெலன்,

நாளை தீபாவளி. முறுக்கு பிழிந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. மாடியில் ஓலைப் பந்தல் போட்டு அவர்கள் சாப்பிடும் பண்டிகை. நாற்பது பேர். நாலரை மணிக்கு ஹன்னா பெரிய அடுப்பைப் பற்றவைத்தாள். நான் கோழி சூப் சட்டியை ஏற்றினேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் உடனே டாக்டரிடம் ஓடினாள். ரபி யோனா மாடியில் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கேஸ் தீர்ந்துவிட்டது. வேறு சிலிண்டர் மாட்டினேன். மாட்டிய கையோடு லைட்டரை எடுத்துப் பற்றவைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. முப்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

நெருப்பைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அணைத்திருக்கலாம். மாடிக்கு ஓடி அவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள், அடுப்பையே தொடமாட்டார்கள், நாற்பது பேரும் வெறும் ரொட்டி சாப்பிடுவார்கள் என்று ஏதேதோ ஓடியது. விட்டுவிட்டேன். எல்லோரும் குடித்தார்கள். மொர்தெகாய் கட்சிப் பிள்ளைகள்கூட மூன்று பேர் வந்திருந்தார்கள். "ரொம்ப அச்சா, கோமளா ஜி" என்று ரபி யோனா கைகூப்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹன்னா முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொன்னால் வீடு மூடிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. அவர்கள் கடவுள் இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்றும் யோசனையாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே.

உன்
கோமு


எருசலேம்
9 நவம்பர் 2025

என் உயிர்த்தோழி கோமுவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தப்பு செய்துவிட்டேன்.

உன் கடிதம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. உனக்கு ஒரு ஆறுதல் கிடைக்குமே என்று, யார் எவர் என்று சொல்லாமல் பெரியவரிடம் கேட்டேன். ஒரு சமையற்காரி, பாதியில் அணைந்த அடுப்பைத் தானே பற்றவைத்தால் என்ன ஆகும்? அவர் ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு கொள்ளைக்காரன், எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவன். மூன்றில் ஒரு பங்கு வெந்ததுமே தூக்கிச் சாப்பிட்டுவிடுவானாம். அந்த அளவு வெந்தபின் நெருப்பு அணைந்திருந்தால், பிறகு யார் பற்றவைத்தாலும் குற்றமில்லையாம். எனக்கு எவ்வளவு சந்தோஷம், தெரியுமா?

ஆனால் மருமகன் அறையிலேயே இருந்தார். அவரும் மொர்தெகாயும் ஒன்றாகப் படித்தவர்கள் என்பது எனக்குத் தெரியாது. என் சிநேகிதி தில்லியில் யோனா வீட்டில் சமைக்கிறாள் என்று நானே முன்பு பெருமையடித்திருக்கிறேன். அவர் கணக்குப் போட்டுவிட்டார். அன்று மாலையே தில்லிக்கு போன் பறந்தது.

பெரியவர் இப்போது உன்னிடமிருந்து ஒரு பதில் கேட்கிறார். சூப் அந்தக் கொள்ளைக்காரன் கணக்குக்கு வெந்திருந்ததா? கோமு, கெஞ்சிக் கேட்கிறேன். வெந்திருந்தது என்று ஒரு வரி எழுதிவிடு. வீடும் நிற்கும், உன் வேலையும் நிற்கும், எனக்கும் தூக்கம் வரும். யார் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

மன்னித்துவிடு.

உன் ஹெலன்


நரேலா
30 நவம்பர் 2025

ஹெலனுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் இங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ரபி மொர்தெகாய் நேராக எங்கள் சமையலறைக்கே வந்தார். இத்தனை நாள் அந்த வாசலை மிதிக்காதவர். ரபி யோனா, ஹன்னா, அவர், மூன்று பேரும் என் முன்னால் நின்றார்கள். மொர்தெகாய் கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். நான்தான் பற்றவைத்தேன், தண்ணீர்கூடக் கொதிக்கவில்லை, கோழி பச்சையாக இருந்தது என்று. சமைக்கிறவளிடம், வேகாததை வெந்தது என்று எழுதச் சொல்லியிருக்கிறாயே. உனக்கு எப்படி மனசு வந்தது?

ரபி மொர்தெகாய் ஜெயித்தவர் மாதிரி குதிப்பார் என்று பார்த்தேன். இல்லை. தலை குனிந்து, எத்தனை பாத்திரம் என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் இரண்டு ரபிகளும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சட்டி, கரண்டி எல்லாவற்றையும் தீட்டுப் போகக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். வேலைக்கு நடுவே அவர்கள் மொழியில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள், ஒருமுறை சிரித்துக்கொண்டார்கள்.

பெரியவர் தீர்ப்பு போன வாரம் வந்தது. உனக்குத் தெரிந்திருக்கும். ஒரே சமையலறை. தலைமை ஆளுக்கு ஒரு மாதம். ஹன்னா பற்றவைக்கிறாள், மொர்தெகாய் மனைவி சட்டியை ஏற்றுகிறாள், நான் கிண்டுகிறேன். இப்போது எல்லோரும் சாப்பிடலாம். முந்தாநாள் தொழுகைக்குப் பதினாறு பேர்.

வேலை போகவில்லை. ஆனால் இப்போது அடுப்படியில் ஸ்டூல் போட்டு ஒருவர் மாற்றி ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். சமையலறைச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். முதல் நாள் ஸ்டூலில் ஹன்னா உட்கார்ந்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டாள். "சூப் போனால் போகட்டும் கோமளா. ஹெலனிடம் சொன்னாய். என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

மூன்று வருஷம் என் பக்கத்தில் நின்று நெருப்பு மூட்டியவளை விட்டுவிட்டு, கடல் தாண்டி இருக்கிற உன்னை நம்பினேன். அவளிடம் சொல்லியிருந்தால் அன்றே சூப்பைக் கொட்டிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டிருப்பாள். அது இப்போதுதான் தெரிகிறது.

உன்மேல் கோபம் இருக்கிறது ஹெலன். நீ கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று தெரியும். தெரிந்தும் இருக்கிறது. இனிமேலும் எழுதுவேன். பிள்ளைகள் படிப்பு, நரேலா பஸ், குளிர் எல்லாம் எழுதுவேன். யார் உரக்கப் படித்தாலும் எனக்குக் கவலையில்லாத கடிதங்களாக இருக்கும்.

இங்கே பனி ஆரம்பித்துவிட்டது. பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

இப்படிக்கு,
கோமளா ஐயப்பன்