சத்தம் போடாத விளக்கு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று பதறாதே. போனில் என்றால் நீ குறுக்கே குறுக்கே பேசி என்னைச் சொல்லவே விடமாட்டாய். உன் பெண்டாட்டி எழுதுவதாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்தவள், "அண்ணி, நீங்களே எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

உன் மகளுக்கு நீ அனுப்பிய கலர் விளக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்திருக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் மகள் பட்டு போகும் பார்வைப் பயிற்சி நிலையத்தில் பழைய டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டார். புதிதாக ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள், அதிகம் பேசமாட்டாள். வழக்கம்போல் கறுப்புத் திரை போட்ட அறையில் பட்டுவைப் பாயில் உட்கார வைத்தோம். சிவப்புத் தாள் ஒட்டிய நம் டார்ச்சை நீட்டினேன், டீச்சர் வாங்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு விளக்கை எடுத்தாள். விரல் பட்டாலே எரிகிறது, துளி சத்தம் கிடையாது. இடப்பக்கம் காட்டினாள், வலப்பக்கம் காட்டினாள், மூக்குக்கு நேரேயும் காட்டினாள். நம் வாயாடி அவள் பாட்டுக்கு விரல் சூப்பிக்கொண்டிருந்தாள். தூக்கக் கலக்கம் என்றேன் நான்.

டீச்சர் நம் டார்ச்சை வாங்கி, பேட்டரியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். வெறும் டார்ச்சை இடப்பக்கம் பிடித்து சுவிட்சைத் தள்ளினாள். டக். பட்டு சிரித்துக்கொண்டே திரும்பினாள். வலப்பக்கம் ஒரு டக். அங்கேயும் திரும்பினாள்.

"இன்னொரு தடவை பண்ணுங்க" என்று உன் பெண்டாட்டி கேட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை ஒரு தடவைகூடத் தவறவில்லை. விளையாட்டென்று நினைத்துக் கைதட்டினாள்.

இத்தனை மாதமும் அவள் வெளிச்சத்தைப் பார்க்கவில்லையடா. சுவிட்ச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். பழைய டீச்சரும் ஏமாந்தார், ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு இருட்டில் டார்ச் காட்டி வீட்டில் புழுங்கிய நாங்களும் ஏமாந்தோம். பிள்ளைக்கு வெளிச்சம் தெரிகிறது என்று உனக்கும் போன் போட்டு ஊரைக் கூட்டினோம். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் நீ டீ வாங்கிக் கொடுத்தாயாமே.

கண் டாக்டரிடமும் மறுபடி காட்டினோம். "இதுக்கு மேல ஒண்ணும் பண்றதுக்கில்லம்மா" என்றார்.

இனி காதுக்கும் கைக்கும்தான் பயிற்சி என்கிறாள் டீச்சர். ஆரம்பத்திலேயே தொடங்கியிருக்க வேண்டியதாம். பட்டு புதிதாக எதைத் தொட்டாலும் கையை இழுத்துக்கொண்டு அலறுகிறாள். அவள் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அவள் கைக்கு அடியில் நம் கையை வைத்துக்கொண்டு பொருளிடம் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அப்படித்தான் செய்கிறோம். ஒரு ஸ்பூனைத் தொட வைப்பதற்கே பெரும் பாடாகிவிட்டது. எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"என் முகத்தை அவ பாக்குற அன்னிக்கு ஓடி வர்றேன்" என்றாயே, அந்த நாள் வராது தம்பி. அதற்காகக் காத்திருக்காதே. நீ வா.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நன்றாக இரு.

வரும்போது சத்தமில்லாமல் வந்து பிள்ளையைத் தூக்கிவிடாதே, பயந்துவிடுவாள். வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வா. உன் குரல் கேட்டதும் முகத்தை நேராக உன் பக்கம் திருப்பிச் சிரிப்பாள். அப்போது, "என்னைப் பாக்குறாக்கா" என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் பெண்டாட்டி பக்கத்தில்தான் நிற்பாள்.

இப்படிக்கு,
உன் அக்கா