நீ கேட்காமல் விட்ட கேள்வி

இன்று காலை நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து பேருந்தில் நாமக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் அந்தப் புளித்த வாடை ஜன்னல் வழியாக வந்தது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் கழிவுநீர் வாடை. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஜன்னலச் சாத்துங்கக்கா" என்றாள். சாத்தினேன். அதற்குள் வாடையோடு நீயும் உள்ளே வந்துவிட்டாய்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சேலத்தில் சட்டம் படிக்கும்போது நாம் ஒரே பெஞ்ச். பிறகு நாமக்கல் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடை மாடியில், ஒரே அறை. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. காற்று உன் பக்கம்தான் அதிகம் வரும். நீ ஒப்புக்கொள்ளவே மாட்டாய். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் விரல் இழந்தவர்கள், கோழிப்பண்ணையில் வேலை போனவர்கள் உன்னைத் தேடி வந்தார்கள். எனக்குச் சொத்து வழக்குகள், ஆலைக்காரர்கள். கணவன் தன் வழக்கைச் சொல்லிக்கொண்டே போகும்போது நீ அவன் மனைவி பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சாமி, என்ன நடந்துச்சு?" என்பாய். வழக்கின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

புறவழிச்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களின் இழப்பீட்டு வழக்கு உன்னை அரசியலுக்குத் தள்ளியது. வழக்கில் நீ வென்றாய். ஆனால் அந்த விவசாயிகள் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "சட்டம் எழுதற எடத்துக்கே போய்ப் பாக்கறேன் புள்ள" என்றாய்.

"உனக்கு வேற வேலை இல்லயா?" என்று திட்டினேன். ஆனாலும் முதல் தேர்தலில் ஒரு வாரம் உன்னோடு ஓட்டுக் கேட்க வந்தேன். சித்திரை வெயில். கந்தசாமி என்ற விவசாயியின் தோட்டத்தில் ஓய்ந்து உட்கார்ந்தோம். அவர் மனைவி பாவாயி அக்கா கிணற்றிலிருந்து இறைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். இனிப்பான தண்ணீர். நான் இரண்டாவது சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அந்தத் தேர்தலில் தோற்றாய். அடுத்ததில் நீ வென்றாய், உன் கட்சி தோற்றது. எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தாய். சட்டமன்றம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கோர்ட்டு மாதிரிதான். தெனமும் குறுக்கு விசாரணை. என்ன, சாட்சி பாதியில எந்திரிச்சுப் போயிருவாரு" என்று சிரித்தாய். சனிக்கிழமைகளில் நம் அறையில்தான் மனு வாங்குவாய். என்னைப் பார்க்க வருபவர்கள் மாடிப்படியில் காத்து நிற்பார்கள். நான் முணுமுணுப்பேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை கந்தசாமி அண்ணனும் பாவாயி அக்காவும் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நீ மூடியைத் திறந்ததும் அறை முழுக்கப் புளித்த வாடை.

"கெணறு இப்புடி ஆயிப்போச்சுங்க" என்றார் அவர். "மாடே மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குதுங்க."

கிணற்றுக்கு மேல்புறம் புதிதாக வந்த சேகோ ஆலைதான் காரணம். அதன் முதலாளி உன் கட்சியின் ஒன்றியச் செயலாளர். தேர்தலில் உனக்கு முன்னால் வீடு வீடாக நடந்தவர். பத்து வருடமாக என்னிடம் வழக்குக் கொடுப்பவரும் அவர்தான். நம் தொழிலில் வழக்குக் கொடுப்பவரையும் கட்சிக்காரர் என்றுதான் சொல்கிறோம். அவர் எனக்கும் கட்சிக்காரர், உனக்கும் கட்சிக்காரர்.

நீ முதலில் அவரைத்தான் கூப்பிட்டுப் பேசினாய். நானும் இருந்தேன்.

"தண்ணியச் சுத்தம் பண்ணி உடுங்கண்ணா. எத்தன நாள் வேணும், சொல்லுங்க."

"அம்மணி, ஆளுங்கட்சிக்காரன் இதக் கேட்டா அர்த்தமிருக்குது. நீயே கேட்டா எப்படி?"

"அவங்க கேக்கலீங்களே அண்ணா."

அவர் போன பிறகு நான் சொன்னேன்: "விட்டுரு. அந்தாளு இல்லாம அடுத்த தேர்தல்ல நீ நிக்க முடியாது." நீ அந்தப் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகிக்கொண்டிருந்தாய்.

அடுத்த கூட்டத்தொடரில் அந்தக் கிணற்றைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேட்டாய். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, அந்த ஆலை யாருடையது என்பதையும் சொல்லட்டும் என்றார். ஒரே சிரிப்பு. நீ சிரிப்பு அடங்கும்வரை நின்றாய். "எங்கள் கட்சிக்காரருடையதுதான். அதனால்தான் நான் கேட்கிறேன்" என்றாய். என் செல்போனில் அதைப் பார்த்தேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கேள்வியால் எதுவும் நடக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்காக நீயே கறுப்பு கவுன் போட்டுக்கொண்டு, கழிவுநீர் விடக்கூடாது என்று வழக்குப் போட்டாய். ஆலைக்காரர் நேராக என்னிடம் வந்தார். நான் வக்காலத்து வாங்கினேன். பத்து வருடப் பழக்கம், தொழில் தர்மம் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இடைக்காலத் தடைக்கான விசாரணை நாளில் நான் எழுந்து, "ஆலை வருவதற்கு முன்பே அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்க ஆகாது" என்று வாதாடினேன். நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். நீ எழுந்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: அந்தத் தண்ணீரை நீங்கள் குடித்ததில்லையா? நீ கேட்கவில்லை. குனிந்து உன் காகிதங்களைப் பார்த்தாய். தடை கிடைக்கவில்லை; வழக்கு மட்டும் நடந்துகொண்டிருந்தது. படியிறங்கும்போது பாவாயி அக்கா என் பக்கம் திரும்பாமல் கடந்து போனார்.

அடுத்த தேர்தலின் வேட்பாளர் பட்டியலில் உன் பெயர் இல்லை. நிருபர்கள் கேட்டதற்கு "கட்சி முடிவு" என்று மட்டும் சொன்னாய். ஆளுங்கட்சியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். நீ போகவில்லை. "எதிர்க்கட்சின்னு ஓட்டு வாங்கிட்டு நான் அங்க போய் உக்காந்தா, ஓட்டுப் போட்டவங்க எங்க போய் உக்காருவாங்க?" என்றாய்.

ஒரு திங்கட்கிழமை அறை வாசலில் வந்து நின்றாய். "எம் மேசை இருக்குதா புள்ள?"

உன் மேசை மேல் என் வழக்குக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்து வைத்தோம். அந்த மாதமே ஆலைக்காரரின் கட்டுகளை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். காரணம் நீ கேட்கவில்லை. பழையபடி பட்டறைத் தொழிலாளிகள் உன்னிடம் வந்தார்கள். "முன்னாள்" என்று யாராவது மரியாதையாக ஆரம்பித்தால், "வக்கீலுன்னே சொல்லுங்க, அதுதான் இன்னும் இருக்குது" என்பாய்.

ஒரே ஒரு முறை நானாகக் கேட்டேன். "அன்னிக்கு ஏன் என்னைக் கேக்கல?"

நீ பேனாவை வைத்துவிட்டு யோசித்தாய். "கேட்டிருந்தா நீ பொய் சொல்லியிருப்ப. இல்லாட்டி உன் கட்சிக்காரரக் காட்டிக் குடுத்திருப்ப. ரெண்டையும் எங்கண்ணால பாக்க முடியாதுன்னு உட்டுட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னாய்: "அது தப்புதான் புள்ள. பாவாயிக்காவுக்கு நான் செஞ்ச தப்பு."

போன தை மாதம், கோர்ட்டுக்குக் கிளம்பி நின்றவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டிலிருந்தும் வந்தார்கள். ஆலைக்காரரும் மாலையோடு வந்து வெகுநேரம் நின்றார். அவர் அழுததை நான் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் கந்தசாமி அண்ணனும் பாவாயி அக்காவும் உன் வீட்டில் இருந்த வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தார்கள். "அம்மாவோட கூட்டாளி நீங்கதானுங்க. நீங்களே நடத்தோணும்" என்றார் அவர்.

"நான் எதிர்ப்பக்கம் நின்னவளுங்க. இந்தக் கட்டைத் தொடக்கூடாது" என்றேன்.

பாவாயி அக்கா அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார். "வக்கீலா வரமுடியாட்டிப் போகட்டுங்க. எங்க தண்ணியக் குடிச்சவங்கதானுங்களே? அத வந்து சொல்ல முடியாதுங்களா?"

கட்டை வேறொரு வக்கீலிடம் ஒப்படைத்தேன். சாட்சிப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். மூத்த வக்கீல்கள் இருவர் வீட்டுக்கே வந்து, "இருபத்தஞ்சு வருசப் பேரு ஒரே நாள்ல போயிரும்" என்றார்கள். பயமாகத்தான் இருந்தது. போன வாரம் கவுன் இல்லாமல் சாட்சிக் கூண்டில் ஏறி, ஆலை வருவதற்கு முன் அந்தக் கிணற்றில் இனிப்பான தண்ணீர் குடித்தேன் என்று சொன்னேன். ஆலைத் தரப்பு வக்கீல் நேராக என் பழைய வாதத்துக்கே வந்தார்.

"இதே நீதிமன்றத்தில் அந்தத் தண்ணீர் உப்பு என்று வாதாடியது நீங்கள்தானே?"

"நான்தான்."

"அப்போது சொன்னது உண்மையா, இப்போது சொல்வது உண்மையா?"

"இப்போது சொல்வதுதான் உண்மை. அப்போதும் எனக்கு அது தெரியும்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. என் மீது பார் கவுன்சிலுக்குப் புகார் போயிருக்கிறது என்கிறார்கள், போயிருக்கலாம். இன்று காலை அடுத்த தேதியைச் சொல்லத்தான் அவர்கள் ஊருக்குப் போனேன். பாவாயி அக்கா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். கேன் தண்ணீரில் போட்ட டீ.

நீ எனக்குக் காட்டிய இரக்கம் பெரியது. அதன் பாரத்தைப் பாவாயி அக்கா சுமந்தார் என்பதும் உனக்குத் தெரிந்தே இருந்தது. அந்த இரண்டையும் சேர்த்துத்தான் இப்போது நான் வைத்திருக்கிறேன்.

நேற்று ஒரு பழைய கட்சிக்காரர், பக்கத்துத் தோட்டத்துக்குப் பாதையே கிடையாது என்று சொல்லச் சொல்லி ஒரு வழக்கோடு வந்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு நான் அந்தப் பாதையில்தான் நடந்து போனேன். "இத நான் பேச மாட்டேனுங்க" என்றேன். அவர் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். பிறகு கட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.