காலில் வந்த அம்மை

கடம்பத்தூர்
28-4-1968

அன்புள்ள நைனாவுக்கு,

கன்னியம்மா எழுதுவது. உங்கள் பேரன் பிறந்து ஒரு வாரம் ஆகிறது. மூக்கு உங்களுடையது, பாவம். குரலும் உங்களுடையதுதான், ரயில் போனால்கூட இவன் சத்தம்தான் மேலே கேட்கிறது. தீட்டுக் கழியும்வரை நான் வாசலைத் தாண்டக்கூடாதாம். என் மூத்தவள் பிறந்தபோது பிரசவம் பார்த்த அம்மா இந்தப் பிரசவத்துக்குப் பக்கத்தில் இல்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. சர்க்கரை நோய்க்காரியை அலைக்கழிக்கக்கூடாது என்று இவர் சொல்வதால் பேசாமல் இருக்கிறேன்.

பொன்னேரி டாக்டர் கொடுத்த மாத்திரையை அம்மா ஒழுங்காகப் போடுகிறாளா? முழங்காலுக்குக் கீழே கருகருவென்று தழும்பு விழுந்திருந்ததே, பாதம் மரத்துப்போகிறது என்றாளே, இப்போது எப்படி? ஏரியில் இறங்கி இறால் தடவப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்க மாட்டாள், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
கன்னியம்மா

நடுக்குப்பம், பழவேற்காடு
6-5-1968

அன்பு மகள் கன்னியம்மாவுக்கு,

நைனாவின் ஆசீர்வாதம். என் மூக்கைக் குறை சொன்னாயே, அந்த மூக்கைப் பார்த்துத்தான் உன் அம்மா கழுத்தை நீட்டினாள்.

நம் வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள். உன் அம்மாவின் இரண்டு பாதத்திலும் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கொப்புளம், உள்ளே தெளிந்த தண்ணீர். காய்ச்சல் இல்லை. வேறெங்கும் ஒன்றும் இல்லை. "இன்னாயா இது, இம்மாம் பெரிசா கீது, வலியே இல்லியே" என்று அவளே சிரிக்கிறாள். பூசாரி துலுக்காணம் வந்து பார்த்துவிட்டு, "ஆத்தா வெளையாடிக்கினு கீறா. மருந்து வாசனையே ஊட்ல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். வாசலில் வேப்பிலை செருகி, மாத்திரையை நிறுத்திவிட்டேன். உடம்பு குளிர இளநீரும் வெல்லப் பானகமும் கேட்கிறபோதெல்லாம் கொடுக்கிறேன். இத்தனை வருஷம் இனிப்பையே கண்ணில் காட்டாமல் வைத்திருந்தோமே, குழந்தை மாதிரிக் குடிக்கிறாள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

கைக்குழந்தையோடு நீ இந்தப் பக்கம் வராதே. தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை அனுப்பி வைத்ததும் எழுதுகிறேன்.

நைனா

கடம்பத்தூர்
9-5-1968

நைனா,

நலம் விசாரிக்க நேரமில்லை. உங்கள் கடிதத்தை இவர் ரயில்வே டாக்டரிடம் படித்துக் காட்டினார். அம்மை என்றால் காய்ச்சல் வரும், முகத்திலும் முதுகிலும் முத்துப் போடும், காலில் மட்டும் வலியில்லாமல் வராதாம். சர்க்கரை நோய்க்காரர்கள் சிலருக்குத் தோலில் இப்படிக் கொப்புளம் எழும்புமாம். அது தானாகவே ஆறக்கூடியதுதானாம். ஆனால் மாத்திரையை நிறுத்தி, இனிப்பும் கொடுத்து, அந்த நேரத்தில் கொப்புளம் உடைந்து சீழ் வைத்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார்.

பானகத்தைக் கொட்டுங்கள். இன்றே படகில் ஏற்றிக் கரை சேர்த்து, பொன்னேரிக்குக் கொண்டுபோங்கள். இவரை அனுப்பலாம் என்றால் தண்டவாள வேலை நடக்கிறது, மாசக் கடைசிவரை லீவு இல்லை என்கிறார்கள். ஆத்தா கோபித்தால் என் மேல் கோபிக்கட்டும். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

கன்னியம்மா

நடுக்குப்பம்
20-6-1968

கன்னியம்மாவுக்கு,

உன் அம்மா சாவுக்கு வந்தாய். பெண்களோடு சேர்ந்து அவளைக் குளிப்பாட்டினாய். என் முகத்தைப் பார்க்காமல், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாய். துக்கத்தில் அப்படிப் போகிறாள் என்று நினைத்தேன். காரணம் நேற்றுத்தான் தெரிந்தது.

உன் கடிதம் அவள் பேசிக்கொண்டு இருக்கும்போதே வந்துவிட்டது. தீட்டு வீட்டுக் காகிதத்தை ஆத்தா இருக்கிற வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவேன்? பிள்ளைக்குப் பேர் வைக்கிற சேதியாக இருக்கும், தண்ணீர் ஊற்றின பிறகு படிக்கலாம் என்று பிரிக்காமல் வாசல் கூரையில் செருகினேன். அப்புறம் கொப்புளம் உடைந்தது. பாதம் கறுத்தது. அவள் நினைவு தப்பினாள். எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. நேற்றுக் கூரை மாற்றும்போது கையில் கிடைத்தது.

அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. வலையைத் தொடவில்லை. குப்பத்தில் எல்லோரும், "ஆத்தா தன்னோட இட்டுக்கினு பூட்டா, நீ இன்னா பண்ணுவே?" என்கிறார்கள். என் மனசு ஒப்பவில்லை. என் கையாலேயே கரைத்துக் கொடுத்தேன், கன்னியம்மா. "இன்னும் கொஞ்சம் ஊத்துயா" என்று கேட்டாள், ஊற்றினேன்.

அது அம்மையா, சர்க்கரையா? நீ பொய் சொல்லிப் பழகினவள் இல்லை. நீ சொன்னால் நம்புவேன்.

நாகமுத்து

கடம்பத்தூர்
24-6-1968

அன்புள்ள நைனாவுக்கு,

நான் எழுதியதைப் படித்தும் அலட்சியமாக விட்டுவிட்டீர்கள் என்று நினைத்து வெந்துபோயிருந்தேன். நீங்கள் பிரிக்கவே இல்லை என்று தெரிந்ததும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதேன். உங்களைத் தனியாக விட்டுவிட்டு வந்ததை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

டாக்டர் அம்மாவைக் கண்ணால் பார்க்கவே இல்லை. இவர் படித்துக் காட்டியதை வைத்து ஏதோ சொன்னார். குளிப்பாட்டும்போது நான் பார்த்தேன். முதுகில், தோளுக்குக் கீழே, முத்துப் போட்டிருந்தது. கூட இருந்த பெண்கள் கவனித்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் போய்க் கேட்க வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். குப்பத்தில் வேறு சர்க்கரை நோய்க்காரர் யாருக்காவது காலில் கொப்புளம் வந்தால், பூசாரி என்ன சொன்னாலும் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். நம் படகிலேயே ஏற்றிப் பொன்னேரிக்கு அனுப்புங்கள்.

சோறு சாப்பிடுங்கள். வலையை எடுங்கள். ஆடி பிறந்ததும் பேரனைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

அது அம்மைதான், நைனா.

உங்கள் மகள்,
கன்னியம்மா