ஞாயிறு எட்டரை மணி வகுப்பு

ஆரையம்பதி,
14 ஆவணி 2009.

அன்பு மகள் கேதீஸ்வரிக்கு,

கண்ணகை அம்மன் காவலில் நானும் உன் மகள் விதுர்ஷாவும் மூச்சோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம், நீயும் மருமகன் திவாகரனும் அந்தச் சுவிஸ் குளிரில் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கிறதென்று பயப்படாதே, கைக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு காலமும் நான் சொல்லச் சொல்ல உன் மகள்தான் எழுதினாள், இதை அவளைக்கொண்டு எழுதுவிக்க முடியாது. மூன்றாம் வகுப்போடு மறிக்கப்பட்டவள் நான், மறித்தது என் தமையன், அதை அவருடைய செத்த வீட்டிலும் நான் மறக்கவில்லை. நாலு நாளாக எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

சண்டை முடிந்து மூன்று மாதமாகிறது. ரோட்டில் இறக்கி ஏற்றிச் சோதிப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது. வைகாசியில் வெற்றியென்று வெடி கொளுத்தினார்கள், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். உன் சித்தப்பா வினாயகமூர்த்தி போன வருசமே படுவான்கரை வயல் வட்டைக்குத் திரும்பிப் போய் இரண்டு போகம் வெட்டிவிட்டார், இந்த வீட்டுக்கு ஒரு கொத்துப் புதிர் அரிசி வரவில்லை, நான் கேட்கமாட்டேன், மறக்கவும் மாட்டேன். விதுர்ஷாவின் பெட்டி அரைவாசி அடுக்கியாகிவிட்டது, புரட்டாதியில் அவளை உன் கையில் சேர்த்துவிட்டால் ஏழு வருசப் பாரம் எனக்கு இறங்கும். போனில் நீ கேட்டாய், இங்கே பியானோ படிப்பிக்க ஒரு ரீச்சரைப் பிடித்து வைத்திருக்கிறேன், பிள்ளை ஏன் எனக்கு வேணாம்மா, என்ன அதில சேர்க்காதீங்க என்று அழுகிறாள் என்று. எனக்குத் தெரியாதென்று சொன்னேன். அது பொய். எனக்குத்தான் தெரியும்.

டச்சுபார் கடற்கரையில் இருந்த எல்வீரா மிஸ்ஸை உனக்குத் தெரியும், பறங்கிப் பொம்பிளை, நீயும் சின்னதில் அவவிடம் இரண்டு வருசம் படித்தவள்தானே. நீ சுவிஸுக்குப் போகும்போது பிள்ளையை அவவிடம் அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாய், காத்தான்குடி ஹமீட்டின் ஓட்டோவில் வெள்ளிக்கு வெள்ளி அனுப்பினேன். வீட்டில் பியானோ இல்லாததால் அழகரத்தினம் ஆசாரி ஒரு பலகை சீவி வெள்ளையும் கறுப்பும் பூசிக் கொடுத்தான், அதில்தான் பிள்ளை பழகுவாள். சத்தம் வராது, நகம் படும் டக் டக் மட்டும்தான். அந்த நகத்தில்தான் எல்லாம் வந்தது. சுனாமி வருசம் மார்கழி 17, வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம் பிள்ளை வந்து இறங்குகிறாள், பத்து விரலிலும் நகம் இல்லை. பியானோக் கட்டையில் நகம் தட்டுதென்று மிஸ் தானே கத்தரிக்கோல் எடுத்து வெட்டிவிட்டாவாம். வெள்ளிக்கிழமையில், அதுவும் மம்மல் பொழுதில், அடுத்த வீட்டுப் பெண் பிள்ளைக்கு. அதே ஓட்டோவில் ஏறிப் போனேன். பச்சைப் பூப்போட்ட கவுண் போட்டுக்கொண்டு படியில் நின்றா. வெட்டின நகத்த எங்க போட்ட நீங்க என்று கேட்டேன். கூட்டிக் குப்பையில போட்டாச்சே, நகந்தானே ஆச்சி, ரெண்டு கிழமையில வளந்திரும் என்று சிரித்தா. அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒன்பது நாள் வைத்திருந்தேன்.

அடுத்த வெள்ளி நத்தார் பண்டிகைக்கு முதல்நாள், அவவுக்கு மாதா கோயிலில் அலுவல். அதனால் பிள்ளையின் வகுப்பை ஞாயிறு காலை எட்டரைக்கு மாற்றியிருந்தா, தை மாதம் லண்டன் பரீட்சை என்று, இவள் ஒருத்திக்காகத்தான். ஞாயிறு விடிய இவள் தலை இழுத்துப் புத்தகத்தோடு நிற்கிறாள், ஹமீட் கேற்றடியில் ஹோன் அடிக்கிறான். நான் போய் இண்டைக்கு வகுப்பில்ல தம்பி, நீ போ என்றேன். உள்ளே வந்து, மிஸ் வகுப்பு இல்லையெண்டு ஹமீட்டிட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறா மகள் என்றேன். எனக்கு வேறு நினைப்பு எதுவும் இல்லை, மிஸ் காத்திருந்து பார்க்கட்டும், அப்போது விளங்கும் என்று மட்டும்தான் நினைத்தேன். பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு பலகையில் தட்டிக்கொண்டு இருந்தாள். ஒன்பது மணிக்குக் கடல் வருகுது என்று சனம் கத்திக்கொண்டு ஓடியது, நாங்கள் ஆற்றுப் பக்கம் ஓடினோம். மிஸ்ஸை மூன்றாம் நாள் எடுத்தார்கள். பியானோ முகத்துவாரத்து மணலில் பாதி புதைந்து கிடந்ததாம்.

உங்கட அம்மம்மாட கோவம் உன்னக் காப்பாத்திப் போட்டுது என்று ஊரில் ஒருத்தரும் பிள்ளையிடம் சொல்லவில்லை, ஏனென்றால் ஊருக்கு நான் கோபத்தைச் சொல்லவில்லை. அம்மன் தடுத்தா என்றுதான் சொன்னேன். ஹமீட் மட்டும் எங்கே கண்டாலும் ஓட்டோவை நிறுத்துவான், ஆச்சி, அண்டைக்கு நீங்க திருப்பி அனுப்பாட்டி நானும் மவுத்து என்பான். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்துவிடுவேன்.

சுனாமியோடு அவுஸ்ரேலியாவுக்குப் போய்விட்ட மிஸ்ஸின் அக்கா போன மாதம் வந்தா, சண்டை முடிந்த பிறகுதான் வர மனம் வந்ததாம். மாதா கோயில் வளவில் மிஸ்ஸிடம் படித்த பழைய பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பூசை வைத்து, கேக் கொடுத்தா. விதுர்ஷாவோடு நானும் போய்ப் பின் வாங்கில் இருந்தேன். அவ சொன்னா, அன்று காலை நாங்கள் எல்லாரும் ரவுனில் தம்பி வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போனோம், இவளையும் வரச்சொல்லி போன் எடுத்தேன், ஒரு பிள்ளைக்கு வகுப்பு இரிக்கு, முடிச்சிட்டு வாறன் என்றாள். எட்டே முக்காலுக்குத் திரும்ப எடுத்தேன். பிள்ள இன்னும் வரல்ல, தெரியாம வந்து பூட்டின கதவடியில நிண்டா பாவம், இன்னும் கொஞ்சம் பாத்திட்டு வாறன் என்றாளாம். அந்தப் பிள்ளை யாரென்று தெரிந்தால் ஒருக்கால் கட்டிப்பிடிக்க வேண்டும், அது தப்பியிருந்தால் போதும் என்று அக்கா அழுதா. ஒருத்தரும் எழும்பவில்லை. உன் மகள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டாள், அம்மம்மா, மிஸ் ஹமீட் மாமாட்ட என்ன சொல்லி அனுப்பின? மறந்து போச்சு என்றேன். இருபத்தேழு வருசத்துக்கு முதல் உன் மாமி என் இலையில் கடைசியாகச் சோறு போட்டதை நாள் கிழமையோடு சொல்கிறவள் நான், எனக்கு மறந்து போச்சென்றால் அந்தப் பிள்ளை நம்புமா. அடுத்த நாள் ஹமீட்டையே போய்க் கேட்டிருக்கிறாள். மிஸ் ஒண்டும் சொல்லல்ல மகள், அம்மம்மாதான் வகுப்பில்ல எண்டா என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து என்னோடு ஓம், இல்ல, இரண்டு சொல்தான். போன வெள்ளி மம்மல் நேரம் விளக்கைக் கொளுத்திவிட்டு அதற்கு முன்னாலேயே குந்தியிருந்து, பத்து விரல் நகத்தையும் சதை தெரிய வெட்டினாள், என்னைப் பார்த்துக்கொண்டே. கூட்டி எடுத்தது மட்டும் நான்தான். பலகையைக் கிணற்றடியில் போட்டிருந்தாள், அதையும் எடுத்து உள்ளே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டினது இன்றைக்கும் பிழைதான் மகள், செத்துப்போனா என்பதற்காக அது சரியாகாது. ஆனால் அதற்குத் தண்டனை இது இல்லை. ஒரு பிள்ளை கதவடியில் நின்றுவிடக் கூடாதென்று இருந்தவவை நான் வேண்டுமென்றே இருக்க வைத்தேன். இதை அவளிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் அடுப்படியில் ஆயத்தமாகிறேன், அவள் வந்து நின்றால் சோறு போடவா என்றுதான் வாய் கேட்கிறது. தன் வரவைப் பார்த்துக்கொண்டு இருந்து ஒருத்தி செத்தாவே என்று அவள் அதைத் தன் தலையில் தூக்கி வைத்திருக்கிறாள், அதனால்தான் வேண்டாம் என்கிறாள். அவளுடையது ஒன்றுமில்லை. எல்லாம் என்னுடையது.

அவளை அந்த ரீச்சரிடம் சேர்த்துவிடு. நகம் வெட்டச் சொன்னால் எந்தக் கிழமையென்றாலும் வெட்டிவிடு. ஒரு நாள் போக முடியாவிட்டால், மழையோ காய்ச்சலோ கோபமோ, முன்னமே போன் எடுத்துச் சொல்லிவிடு. மறந்து விடாதே மகள், வருவாள் என்று யாரும் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

மருமகனுக்கும் உனக்கும் அம்மன் நீண்ட ஆயுளைத் தரட்டும், உன் பிள்ளை உன் கண் முன்னால் வளரட்டும். இந்த உறையை நான் ஒட்டவில்லை. நாளைக்குத் தபாலில் போடச் சொல்லி விதுர்ஷாவின் கையிலேயே கொடுக்கப் போகிறேன். இது உன்னிடம் வந்து சேர்ந்தால் அவள் வாசித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆச்சிப்பிள்ளை