கடைசி அவுட்டும் என்னுடையதுதான்

என் குணா அண்ணைக்கு,

சுற்றி வளைக்க எனக்கு வராது. வென்றுவிட்டேன். இந்தப் பருவத்தில் எங்கள் பேஸ்போல் லீக்கில் அதிக ஷட்அவுட் எறிந்த பிட்சர் உங்கள் தம்பி. மூன்று ஆட்டம், எதிரணிக்கு ஒரு ஓட்டம்கூடக் கொடுக்காமல். பட்டியலில் தனியாக முதலிடம்.

போன வருடம் அந்த இடம் உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கடைசி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், எதிரணி பூச்சியம், ஒரே ஒரு அவுட் மிச்சம். பயிற்சியாளர் லார்ஸிடம் கேட்டு, பந்தை என் கையில் வைத்தீர்கள். "முடிச்சு வை தம்பி, உனக்கும் பேர் வரட்டும்." ஊரில் கிரிக்கெட் ஆடும்போது, வென்றாகிவிட்டது என்று தெரிந்தால் கடைசி ஓவரை இளையவனுக்குக் கொடுப்பது உங்கள் வழக்கம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன். மூன்று பந்தில் முடித்தேன்.

பிறகுதான் விதியைப் படித்தோம். தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரே எறிந்தால்தான் ஷட்அவுட் அவர் பெயரில் ஏறும். கை மாறினால் இருவருக்கும் இல்லை. அமெரிக்கத் தொழில்முறை லீக்கிலேயே இப்போது இரண்டு மூன்று இருந்தால் முதலிடம் கிடைத்துவிடுவது இதனால்தான். அங்கே பிட்சரை அடிக்கடி மாற்றுகிறார்கள். காற்றாலைத் தொழிற்சாலையில் கையேடு பார்க்காமல் ஒரு போல்ட்டையும் தொடாத நாங்கள் இரண்டு பேரும் இதை எப்படிப் படிக்காமல் விட்டோம்? நீங்கள் சிரித்தீர்கள். அடுத்த வருடம் பார்ப்போம் என்றீர்கள். தை மாதம் வேலைக்குப் போகிற வழியில் உங்கள் கார் பனியில் சறுக்கியது.

மே மாதம் ஊரில் சண்டை முடிந்தது. எப்படி முடிந்தது என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. வன்னியில் இருந்த சித்தி முகாமிலிருந்து பேசினார், உயிரோடு இருக்கிறார். சித்தப்பாவைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது. அம்மா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கிடந்தார். நான் பந்துப் பையை எடுத்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நியாயம்தான். ஆனாலும் போனேன். வேறு எதை என் கையால் சரிசெய்ய முடியும்?

போன ஞாயிறு ஓல்போர்க்கில் கடைசி ஆட்டம். அதுவரை எனக்கும் கோப்பன்ஹேகன்காரன் ஒருவனுக்கும் தலா இரண்டு ஷட்அவுட். கடைசி இன்னிங்ஸில் இரண்டு அவுட் எடுத்த பிறகு தோள் எரியத் தொடங்கியது. பந்து சொன்ன இடத்துக்குப் போகவில்லை. குறி தவறிய பந்துகளால் எதிரணியில் இரண்டு பேர் மட்டையை வீசாமலே முதல் தளத்துக்குப் போய்விட்டார்கள். லார்ஸ் வந்து பந்துக்குக் கையை நீட்டினார். தரமாட்டேன் என்றேன். தோள் போய்விடும் என்றார். என்னுடைய தோள்தானே என்றேன். கையை இறக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

அடுத்த பந்தை எதிராளி வானத்துக்குத் தூக்கி அடித்தான். அது என் தலைக்கு நேரே இறங்கியது. எங்கள் ஆட்கள் நாலு பேர் ஓடி வந்தார்கள். எல்லாரையும் விலகச் சொல்லிக் கத்திவிட்டு நானே பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் பட்டியலைக் கணினியில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்டும் குடுக்கேல்லையோ?"

"ஓம் அம்மா. ஒண்டும் குடுக்கேல்லை. பந்தையும் குடுக்கேல்லை."

"கொண்ணன் எண்டா குடுத்திருப்பான்," என்றார் அம்மா, உங்களைச் சொல்லி. மே மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அண்ணை, அடுத்த வருடமும் எறிவேன். அந்த இடத்தை ஒருவனுக்கும் விடமாட்டேன், இது சத்தியம். என்னிடமிருந்து அதைப் பறிக்க நீங்கள் இல்லையே, அது ஒன்றுதான் கோபம்.

உங்கள் ஒரே தம்பி,
சுதன், பிராண்டே