செவலைக்கும் மயிலைக்கும் நடுவில்

வந்திருந்தவர்கள்: என் கணவர், அவருடைய அண்ணன், அண்ணன் மகன், பஞ்சாயத்துத் தலைவர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், கோவில் பூசாரி, மாலை கொண்டுவந்தவர், பெயிண்டர், நான். ஒன்பது பேர். சாலைக்கு அந்தப் பக்கம் உன் தம்பி, பஸ்ஸுக்கு நிற்பவன்போல நின்றுகொண்டிருந்தான். குரும்பலூர் பஸ் வந்தது, போனது. அவன் ஏறவில்லை. அவனைச் சேர்ப்பதா விடுவதா என்று யோசித்துவிட்டு, பத்து என்று வைத்துக்கொண்டேன்.

பொங்கல் வருகிறதென்று என் கணவரின் தாத்தா சிலைக்கு வெள்ளி பெயிண்ட் அடித்தார்கள். அந்த வாடை முந்தானையில் ஏறிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டது. விளக்கேற்றினால் கற்பூரம் மணக்கவில்லை, அதுதான் மணக்கிறது. பீடத்துக் கல்லில் ‘பள்ளிக்கு இடமளித்த வள்ளல்’ என்ற எழுத்துக்குப் புதுக் கறுப்பு பூசியிருக்கிறார்கள். இப்போது பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும். அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது என்பது தெரியாமல் இல்லை.

நீ முதன்முதலாக என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டது எங்கள் மாட்டுக்கொட்டகையில். நான் கல்யாணமாகி வந்த புதிது. நீ திருச்சியில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தால் சாணி அள்ளும் உன் அம்மாவுக்குக் கூடமாட உதவுவாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மளிகை கட்டி வந்த காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். நீ எட்டிப் பார்த்து, “அக்கா, அது சாத்திரம் இல்ல, சரித்திரம்” என்றாய். உன் அம்மா விளக்குமாற்றாலேயே உன் முதுகில் ஒன்று வைத்தார்.

“ஆச்சின்னு சொல்லுடி. அக்காவாம்ல அக்கா! எந்த வயித்துல கூடப் பொறந்த?”

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, கொட்டகை எறவாணத்தில் செருகியிருந்த அலுமினிய டம்ளரை எடுத்து உனக்கு மோர் ஊற்றினேன். வீட்டுக்குள் இருந்து ஒரு டம்ளர் எடுத்து வரலாம் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. முருகனுக்குத் தினம் பால் வைக்கிறவள்தான் நான். அவனும் தோன்ற வைக்கவில்லை.

பிறகு நீ இங்கிலாந்து போனாய். ஒரு துறைமுக ஊரில் ஆஸ்பத்திரி வேலை. நீல நிறக் கடிதங்கள் வரும். எல்லாவற்றின் கடைசியிலும் ஒரே வரி: ‘பதில் சீக்கிரம் போடுங்க.’ ஒன்றில் எழுதியிருந்தாய்: ‘ஒரு பெரியவரு, கைய எடு, வெள்ளக்கார நர்ஸக் கூப்பிடுன்னு கத்துனாரு. எங்கூட இருந்த கறுப்பு நர்ஸு வெளிய போயி அழுதா. எனக்கு அழுகையே வரலக்கா. இந்தப் பாடத்த நான் ஊருலயே முடிச்சிட்டேன். நம்ம பக்கத்து நர்ஸுங்களும் இருக்காங்க. வெள்ளக்காரன் பண்றதச் சொல்லிச் சொல்லி அழுவுறாங்க. அழுது மொகத்தத் தொடச்சிட்டு, நீ எந்தத் தெருன்னு எங்கிட்ட கேக்குறாங்க.’

அடுத்த கடிதத்தில்தான் அந்தச் சிலை வந்தது. ‘ஊரு நடுவுல ஒருத்தன் நிக்கிறான். மனுசங்களக் கப்பல்ல ஏத்தி வித்த பணத்துல பள்ளிக்கூடம் கட்டினவனாம். அடியில நல்லவன், தர்மவான்னு எழுதியிருக்கு. அந்தக் கறுப்பு நர்ஸோட பாட்டன் பூட்டனெல்லாம் அப்படிக் கப்பல்ல போனவங்க. என்னைய நூலகத்துல ஒரு கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனா. ஒருத்தரு சிலைய எடுக்கணும்ங்குறாரு. எடுத்துட்டா நடந்ததே மறந்துபோயிடும்ங்குறாரு இன்னொருத்தரு. ஒரு அம்மா, அவரு இல்லன்னா எங்க வூட்டுல யாரும் படிச்சிருக்க முடியாதுன்னு ஒரே அழுகை. எனக்கு நம்ம பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரியே இருந்துச்சுக்கா. நானும் கைய தூக்குனேன். நேரம் ஆச்சுன்னு முடிச்சிட்டாங்க. என்ன சொல்ல இருந்தேன்னு அப்புறம் எழுதுறேன்.’

அதே கூட்டத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய தாள் வைத்திருந்ததையும் எழுதியிருந்தாய். ஆட்களின் பெயரும் மாடு குதிரைகளின் பெயரும் ஒரே வரிசையில். உன் தோழி கண்ணாடிமேல் விரலை வைத்துத் தன் குடும்பப் பெயரைத் தேடினாளாம்.

அதற்கு நான் எழுதிய பதிலை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. ‘அங்கே நடந்தது பெரிய பாவம். நம் ஊரில் அப்படி இல்லை. உன் தாத்தாவெல்லாம் எங்கள் வீட்டு ஆள் என்றுதான் எல்லோரும் பாசமாகச் சொல்வார்கள்.’

நீ திட்டவில்லை. கிண்டல்தான் செய்தாய். ‘எங்கள் வீட்டு ஆள்னு எழுதியிருக்கீங்களே. மாமாவும் உங்க வூட்டு ஆளுதானே? அவரு எந்தக் கொட்டகையில படுக்குறாரு?’ கீழே, எழுத்தை நிதானமாக்கி எழுதியிருந்தாய்: ‘அக்கா, உங்க வூட்டுப் பரண்ல பழைய நோட்டு இருக்குன்னு சொல்வீங்களே. எங்க தாத்தா பேரு அதுல இருக்கான்னு பாருங்க. எங்ககிட்ட அவரு படமும் இல்ல, எழுத்தும் இல்ல. இருந்தா அந்தப் பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்க. பதில் சீக்கிரம் போடுங்க.’

பார்த்தேன். பால் கணக்கையும் மண்ணெண்ணெய்க் கணக்கையும் ஒரு நாள் விடாமல் எழுதுகிறவள், பழைய நோட்டு எனக்குப் புரியாமல் போகுமா? பக்கத்தின் தலைப்பு ‘ஆள் மாடு’. அதன் கீழே பெயர்கள். செவலை, கொம்பு விரிந்தது, ஆறு பல். அடுத்த வரி: சவரி. அடுத்தது: மயிலை, வலது கண்ணில் பூ. மாட்டுக்குக் கொம்பும் பல்லும் கண்ணும் இருந்தன. உன் தாத்தாவுக்குப் பெயரில் பாதி மட்டும் இருந்தது. சவரிமுத்து என்று முழுதாக எழுத யாருக்கும் தோன்றவில்லை.

செட்டிகுளம் போய்ப் படியேறினேன். கையில் கரும்போடு நிற்கிற அந்த முருகன் முன்னால் ‘ஆண்டவா’ என்று ஆரம்பித்தேன். மேலே வாய் வரவில்லை. எங்கள் தாத்தாவை உன் தாத்தா ‘ஆண்டே’ என்றுதான் கூப்பிட்டிருப்பார். கும்பிடாமல் இறங்கிவிட்டேன்.

உனக்கு மழையைப் பற்றி எழுதினேன். பருத்தி நன்றாகக் காய்த்திருப்பதாக எழுதினேன். நீ மறுபடி கேட்டாய். வெங்காய விலையை எழுதினேன். மூன்றாவது முறையும் கேட்டாய். பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை பஸ் ஸ்டாண்டை ஒட்டித்தான் இருக்கிறது.

ஐப்பசியில் நீ வரவில்லை. உன் பெட்டி வந்தது. அத்தனை கடலைத் தாண்டி விமானத்தில் வந்த பெட்டி, மெயின் ரோட்டில் வேனை விட்டு இறங்கியது. சிலை இருக்கிற தெரு வழியாக உங்கள் ஆட்களின் பிணம் போகக் கூடாதென்பது வழக்கம். அந்த ஒரு தெருவைத்தான் அதனால் தாண்ட முடியவில்லை. பருத்திக் கொல்லைக்குள், முழங்கால் சேற்றில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மாடியில் நின்று பார்த்தேன். இறங்கி வரவில்லை.

பதினாறு நாள் கழித்து உன் தம்பி கொல்லைப்பக்கம் வந்து நின்றான். “ஆச்சி, அக்கா உங்ககிட்ட ஏதோ கேட்டிருந்துச்சாமே?”

“ஒண்ணும் இல்லப்பா” என்றேன்.

பெயிண்ட் அடித்த அன்று எப்படியோ துணிந்து என் கணவரின் அண்ணனிடம் கேட்டேன். “பள்ளிக்கூடத்துக்குக் கல்லு சுமந்தவங்க பேரையும் அடியில போடலாமே, மாமா?”

“சாணி அள்ளுனவன், கல்லு சுமந்தவன் பேரெல்லாம் வெட்டுனா கல்லு எங்கம்மா பத்தும்? மலையையேதான் கொண்டாரணும்.” எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியரும் சிரித்தார். தார்ச்சாலை அகலம் அதிகமில்லை. உன் தம்பிக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் குரலை இறக்கிச் சொன்னார்: “அந்த நோட்டப் பத்தி யார்கிட்டயும் பேசாத. போகிக்குப் பரண் மொத்தமும் கொளுத்தியாகணும்னு அண்ணன் சொல்லிட்டாரு.”

அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்து முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அங்கேயும் நிலைக்காது. போகிக்கு முன்னால் பூஜை அலமாரியையும் ஒழித்துத் துடைத்தாக வேண்டும், இந்த வீட்டில் எனக்கென்று பூட்டுப் போட்ட பெட்டி கிடையாது. உன் தம்பியிடம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் எப்படிக் கொடுப்பது? ‘ஆள் மாடு’ என்ற தலைப்பையும் இரண்டு மாடுகளையும் கத்தரித்துவிட்டால் உன் தாத்தா பெயர் தனியாக, மரியாதையாக இருக்கும். அது பொய். எங்கள் தாத்தாவுக்கு நான் அடிக்கிற வெள்ளி பெயிண்ட். அப்படியே கொடுத்தால், அவன் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது செவலையைத் தாண்டித்தான் அவரிடம் வர வேண்டும். அதை அவர்கள் கையில் கொடுக்க நான் யார்?

அந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கினாயே, என்ன சொல்ல இருந்தாய்? எழுதுகிறேன் என்றாய், எழுதவில்லை. நீ மூன்று முறை கேட்டதற்கும் பதில் சொல்லாதவள் நான், கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன். தலைப்போடு கொடுக்கட்டுமா, கத்தரித்துக் கொடுக்கட்டுமா?

போகிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. பதில் சீக்கிரம் போடு.