மூன்று மாத வேலை

ஜெராம்

ஜொகூரில் இருக்கும் என்னவருக்கு,

"மூணு மாச வேலைதானே லா, எதுக்குத் தினமும் துணி தேய்ச்சுப் போடுற?" என்று கேட்டீர்களே.

நான் வேலை பார்த்த கிளினிக்கில் அழைப்பு எண்ணைத் திரையில்தான் காட்டுவார்கள். வாசிக்கத் தெரியாத தோட்டத்துப் பெரியவர்கள் முறை தப்பி, மத்தியானம் வரை காத்திருப்பார்கள். அதனால் நான் கவுண்டரை விட்டு எழுந்து போய், பெயர் சொல்லி அழைத்து வந்தேன்.

"நீ போனப்புறம் இதெல்லாம் யாரு செய்வா?" என்று நிரந்தர ஊழியை துளசி சிரித்தாள்.

வெள்ளிக்கிழமையோடு வேலை முடிந்தது. நேற்று அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கவுண்டரில் துளசி இல்லை. நாற்காலி வரிசைக்கு நடுவே குனிந்து நின்று, "காளியம்மா, உங்க முறைதான். மெதுவா வாங்கம்மா" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அட்டையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாளை முதல் ஒரு பள்ளி அலுவலகத்தில் ஆறு வார வேலை. துணி தேய்த்தாயிற்று.

உங்கள்
பிடிவாதக்காரி